வண்டியிலேயே முடிவெடுக்கும் கேமரா பெட்டி: எட்டு மாதம் ஓட்டிப் பார்த்த பிறகு

எங்களிடம் நாலு டிரெய்லர். அப்பா ஓட்டிச் சம்பாதித்து வாங்கியது இரண்டு, நான் லோன் போட்டு எடுத்தது இரண்டு. யார்டு எர்ணாவூரில். மணலிப் பக்கம் கன்டெய்னர் ஏற்றி, எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலை பிடித்து, ஜீரோ கேட் வழியாகச் சென்னைத் துறைமுகத்துக்குள் போவதுதான் முக்கால்வாசி டிரிப்.

முன்பு மாட்டியிருந்த கேமரா செட், எடுத்த வீடியோவை அப்படியே சிம் வழியாக கிளவுடுக்கு, அதாவது இணையத்தில் எங்கோ தூரத்தில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். டிரைவர் கண் அசந்தாரா, முன்னால் போகும் வண்டி நெருங்கிவிட்டதா என்று அங்கே பார்த்து, பதில் இங்கே வரவேண்டும். காசிமேடு பக்கம் டிரெய்லர் வரிசை கட்டி நின்றால் அத்தனை கேபின் போனும் ஒரே டவரைப் பிடித்துத் தொங்கும். பீப் சத்தம் இரண்டு மூன்று விநாடி தள்ளித்தான் வரும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு 11 மீட்டர் போகிறோம். இரண்டு விநாடிக்கு 22 மீட்டர். 40 அடி கன்டெய்னரே 12 மீட்டர்தான். கிட்டத்தட்ட இரண்டு கன்டெய்னர் நீளம் தாண்டியபின் வரும் எச்சரிக்கையை வைத்து யாரும் பிரேக் போட முடியாது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் சிக்னல் போனது. அந்த மூன்று நாளுக்கு ஒரு பதிவும் மிஞ்சவில்லை.

மாதவரத்தில் ஒரு கடையில்தான் புது செட் போட்டேன். வீடியோவை அலசும் வேலை முழுக்க டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பெட்டியிலேயே முடிந்துவிடுகிறது. யார்டில் இன்னொரு பெட்டி. இரவு வண்டி உள்ளே வந்ததும் வைஃபையில் அன்றைய பதிவை வாங்கிக்கொண்டு, தேவையானதை மட்டும் கிளவுடுக்குத் தள்ளும். இப்படி வண்டிக்கும் கிளவுடுக்கும் நடுவில் வேலையைப் பிரித்துக்கொள்வதற்கு 'ஃபாக் கம்ப்யூட்டிங்' என்று பெயராம். 2012இல் சிஸ்கோ கம்பெனிக்காரர்கள் எழுதிய கட்டுரையிலிருந்து பரவிய பெயர். கிளவுட் என்ற மேகம் எட்டாத உயரத்தில் இருக்கும், ஃபாக் என்ற மூடுபனி தரையோடு நம் பக்கத்திலேயே இருக்கும். மார்கழி விடியலில் எண்ணூர் சாலையில் ஓட்டியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

மாட்டிய வாரமே மூத்த டிரைவர் மாமாவோடு ஒரு டிரிப் போனேன். அவர் அப்பாவோடு ஓட்டியவர். "இன்னா பாப்பா, நான் தூங்குறனான்னு பாக்கத்தான் இத்த மாட்னியா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இல்ல மாமா, உங்க மூஞ்சி வீடியோ இந்தப் பெட்டிய விட்டு வெளிய போகாது, பீப் மட்டும்தான்" என்றேன். நம்பவில்லை. எம்.எஃப்.எல். உரக் கம்பெனி பக்கம் திரும்பும்போது பால் கேன் கட்டிய பைக் ஒன்று இடதுபக்கம் உள்ளே நுழைந்தது. எனக்குத் தெரியவே இல்லை. பெட்டி கத்திய அதே நொடியில் அவர் கால் பிரேக்கில் இருந்தது. அதன்பின் அவர் முகம் திருப்பவில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது யார்டு பெட்டி. எர்ணாவூர் மேம்பாலம் இறங்கும் இடத்தில் இரண்டு வண்டி ஒரே இடத்தில் தூக்கிப் போட்டிருந்தது. அன்று இரவே அது இரண்டையும் ஒப்பிட்டு அந்த இடத்தைக் குறித்து, காலையில் நாலு வண்டிக்கும் கொடுத்துவிட்டது. பள்ளத்தில் விழாத வண்டிக்கும் பள்ளம் தெரிந்துவிட்டது! டேட்டா செலவும் விழுந்தது. ஒரு கேமரா விநாடிக்கு 1 மெகாபிட் அனுப்பினால் மணிக்கு 450 எம்பி. இரண்டு கேமரா பத்து மணி நேரம் ஓடினால் 9 ஜிபி. இப்போது அதெல்லாம் சிம்மைத் தொடுவதே இல்லை.

குறைகளும் சொல்லவேண்டும். செல்ஃப் அடிக்கும்போது வோல்டேஜ் இறங்கி பெட்டி ஆஃப் ஆகும், திரும்ப உயிர் வர ஒரு நிமிடம். கியூவில் டீ விற்கிறவர் குறுக்கே போனால்கூடக் கத்தித் தீர்த்தது, கடைக்காரர் வந்து 10 கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழே சத்தம் வராமல் மாற்றிக் கொடுத்தார். மே மாத வெயிலில் கேபின் கொதித்து இரண்டு முறை நின்றது, படுக்கைக்குக் கீழே மாற்றியபின் சரி. கடல் காற்றில் ஆன்டெனா முனையில் பச்சைக் களிம்பு ஏறுகிறது. மாதம் ஒருமுறை கழற்றித் துடைத்தே ஆகவேண்டும், கடையில் யாரும் இதைச் சொல்லவில்லை. யார்டு பெட்டிக்கு யுபிஎஸ் கட்டாயம்.

இன்னொன்று. என் நாலு வண்டி தங்களுக்குள் பேசுகிறது, பக்கத்து ஓனர் வண்டியோடு பேசாது. எண்ணூர் சாலையோரம் நாலைந்து கம்பத்தில் இப்படி ஒரு பெட்டி வைத்து எல்லா டிரெய்லருக்கும் பொதுவாக்கினால், ஜீரோ கேட் கியூ எதுவரை நிற்கிறது என்று யார்டிலேயே தெரிந்து வண்டியை எடுக்கலாம். ராத்திரி முழுக்க ஸ்டீயரிங்கில் தலை சாய்த்துக் கிடக்கிற டிரைவர்கள் வீட்டில் தூங்கிவிட்டு வரலாம். எங்கள் பக்கத்து ஓனர்கள் மூன்று பேரிடம் பேசிவிட்டேன், இரண்டு பேர் சரி என்றிருக்கிறார்கள்.