வெட்டிக் காட்டுவதா, ஓடவிடுவதா?

பதற்றத்தைத் திரையில் கொண்டுவர நேரெதிரான இரண்டு வழிகள் உண்டு. ஷாட்டுகளைப் பொடிப்பொடியாக வெட்டி ஒட்டலாம். இல்லை, கட்டே இல்லாமல் நீளமாக ஓடவிடலாம். இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் இரண்டையும் செய்து பார்த்தவர், அதனால் ஒப்பிட வசதி.

'சைக்கோ' (1960) படத்தின் குளியலறைக் கொலை முக்கால் நிமிடம்தான். எடுக்க ஒரு வாரம் ஆனது. கத்தி, கை, அலறும் வாய், ஷவர் என்று துண்டு துண்டாகக் குளோசப்புகள். கத்தி உடம்பில் இறங்குவதை நன்றாகப் பார்த்ததாக நினைக்கிறோம். அப்படி நினைக்க வைப்பது எடிட்டிங்கும் இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மனின் வயலின்களும்தான். யோசிக்கவே நேரம் தராத அதிர்ச்சி.

'ரோப்' (1948) வேறு ரகம். கேமராவில் ஒரு தடவை ஏற்றும் ஃபிலிம் சுமார் பத்து நிமிடம்தான் ஓடும். சில ஷாட்டுகள் அந்த எல்லைவரை போகின்றன. பெட்டிக்குள் பிணம், அதன் மேலேயே விருந்துச் சாப்பாடு. ஒரு கட்டத்தில் மற்றவர்கள் ஃபிரேமுக்கு வெளியே பேசிக்கொண்டிருக்க, வேலைக்காரம்மா தட்டுகளை எடுக்கிறார், மெழுகுவர்த்திகளை எடுக்கிறார், விரிப்பை எடுக்கிறார். அப்புறம் பெட்டியில் அடுக்கப் புத்தகங்களோடு வருகிறார். கேமரா இருந்த இடத்திலேயே நிற்கிறது. நடுவில் யாராவது பதறும் முகத்துக்கு ஒரு கட் போயிருந்தால் நமக்கு மூச்சுவிட இடம் கிடைத்திருக்கும். அது கிடைக்காததால்தான் வயிறு கலங்குகிறது.

என் ஓட்டு இந்தக் காட்சிக்குத்தான். படம் முழுக்க அப்படி என்று சொல்ல மாட்டேன்: ஃபிலிம் மாற்றும்போது விழும் வெட்டை மறைப்பதற்காக யாரோ ஒருவரின் கோட்டு முதுகில் கேமரா போய் முட்டும் இடங்கள் இன்றைக்குக் கொஞ்சம் சிரிப்பு மூட்டுகின்றன.