கடல் மீன் தொட்டிக்கு முன்பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

வடசென்னையில் முதன்முறையாக வீட்டில் கடல் மீன் தொட்டி வைக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். "இன்றைக்குத் தொட்டி, நாளைக்கு மீன்" என்று ஒரு கடைக்காரர் உறுதி கொடுத்தால், அவர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் முன்பணம் கொடுக்காமல் எழுந்து வந்துவிடுங்கள். அந்த உறுதியைச் சொல்லி எங்களிடம் வாங்கிய தொகை ரூ.48,000. கொண்டுவந்து விட்ட மீன்களில் ஒன்றுகூட இன்று உயிரோடு இல்லை.

எங்கள் வீடு புது வண்ணாரப்பேட்டையில். நன்னீர் மீன் எங்களுக்குப் புதிதல்ல. கொளத்தூரிலிருந்து கப்பி, மோலி, ஏஞ்சல் என்று பல ஆண்டுகளாக வாங்கி வளர்க்கிறோம். அங்கே சிமெண்ட் தொட்டி கட்டி மீன் பொரிக்கும் குடும்பங்களிடம் எனக்கு மரியாதை உண்டு. ஒரு மீன் சோர்ந்திருந்தால் "இதை எடுத்துப் போகாதீர்கள்" என்று அவர்களே தடுப்பார்கள். நான் சொல்வது வேறு கடை. பிரதான சாலையில் நீல விளக்கு எரியும் கடை. அதன் பெயரை இங்கே எழுதவில்லை. நுகர்வோர் ஆணையத்துக்குக் கொடுத்த மனுவில் எழுதியிருக்கிறேன்.

மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம்; சுமார் 190 லிட்டர் பிடிக்கும் தொட்டி. ஆட்கள் வந்து மாலையில் பொருத்தி, உப்பைக் கரைத்து, ஒரு புட்டி மருந்தை ஊற்றிவிட்டுப் போனார்கள். மறுநாளே இரண்டு க்ளௌன் மீன், ஒரு ப்ளூ டாங், ஒரு கடல் சாமந்தி (பூப்போல இருக்கும் அனிமோன் என்ற கடல் உயிரி) வந்து இறங்கின. "பாக்டீரியா ஊற்றியாயிற்று அண்ணே, தண்ணீர் தயார்" என்றார் உரிமையாளர். முதலில் ப்ளூ டாங் மூலையில் சாய்ந்தது. பிறகு க்ளௌன் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. கடல் சாமந்தி சுருங்கிக் கரைந்து அறை முழுவதும் நாறியது. தொலைபேசியில் கூப்பிட்டபோது அவர் சொன்ன பதில்: "கடல் மீன் என்றால் அப்படித்தான் அண்ணே. முதல் செட் தங்காது, அடுத்த செட் தங்கும்."

முதல் செட் தங்காது என்பது விற்கும்போதே அவருக்குத் தெரிந்திருக்கிறது. என் கோபமெல்லாம் இதில்தான். தெரிந்தே சாகக் கொடுத்து, செத்த பிறகு அடுத்ததை விற்பதைத் தொழிலாக வைத்திருக்கிறார்.

ஏன் தங்கவில்லை என்பதைப் பொன்னேரி மீன்வளக் கல்லூரியில் படித்த என் அத்தை மகன் வந்து தண்ணீரைச் சோதித்துக் காட்டினான். மீன் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. ஒருவகைப் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். இவை கல்லிலும் மணலிலும் பெருகி நிலைப்பதற்குச் சாதாரணமாக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். அதுவரை மீன் விடாமல், சிறிதளவு அம்மோனியா மட்டும் கொடுத்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு இறங்குகின்றனவா என்று பார்த்துக்கொண்டே வர வேண்டும். நன்னீரில் ஓரளவு தப்பிக்கலாம், கடல்நீரில் முடியாது. நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 7 உள்ள நீரில் அம்மோனியாவில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான பங்குதான் கொடிய நச்சாக இருக்கும், பி.எச். 8.2 அளவில் உள்ள கடல்நீரில் அந்தப் பங்கு பல மடங்காகிவிடும். கடைக்காரர் ஊற்றிய புட்டியைத் தேடி எடுத்துப் பார்த்தோம். நன்னீர்த் தொட்டிக்கானது என்று அச்சிட்டிருந்தது. காலாவதித் தேதி சுரண்டப்பட்டிருந்தது.

உப்பு அதைவிட மோசம். "இறக்குமதிச் சரக்கு" என்று கிலோ ரூ.600 வீதம் ஏழு கிலோ, பெயரே இல்லாத பிளாஸ்டிக் பைகளில் வந்தது. சோதித்தபோது கால்சியமும் மக்னீசியமும் ஏறக்குறைய இல்லை. உப்பளத்து உப்பைப் பொடித்துக் கட்டியிருக்கிறார்கள். உப்பளத்தில் கடல்நீர் வற்றும்போது சுண்ணாம்பும் ஜிப்சமும் முதலில் படிந்துவிடும், அதற்குப் பிறகே நாம் சாப்பிடும் உப்பு விளையும், மக்னீசியம் மிஞ்சும் கசப்பு நீரோடு போய்விடும். அதனால் அந்த உப்பை எவ்வளவு கொட்டினாலும் தண்ணீர் கரிக்குமே தவிர கடல்நீர் ஆகாது. உண்மையான கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புகள் இருக்கின்றன. அதில் கால்சியம் மட்டும் ஏறக்குறைய 400 மில்லிகிராம், மக்னீசியம் 1,300 மில்லிகிராம் அளவுக்கு உண்டு. நிறுவனப் பெயரும் தயாரிப்பு விவரமும் அச்சிட்ட, பிரிக்காத பையில் வரும் கலவை உப்பைத் தவிர வேறு எதையும் வாங்காதீர்கள்.

ஹீட்டர் ஒன்றையும் தலையில் கட்டினார்கள். கடல் மீன்களுக்கு 24 முதல் 27 டிகிரி போதும். நம் ஊர் மே மாதத்தில் மூடிய அறையில் தொட்டி நீர் தானாகவே 30 டிகிரியைத் தாண்டும். சூடேறிய நீரில் ஆக்சிஜனும் குறையும். இங்கே தேவை குளிர்விக்கும் சில்லர் அல்லது குறைந்தபட்சம் நீர்மட்டத்தின்மேல் வீசும் விசிறி. அதைப் பற்றி அவர் வாய் திறக்கவே இல்லை.

மீன்கள் செத்த பிறகும் விற்பனை நிற்கவில்லை. "உப்புக் கலவை உங்களுக்கு ஒத்துவரவில்லை, ஆழ்கடல் தண்ணீர் தருகிறேன்" என்று கேன்களில் கொண்டுவந்தார்கள். மூடியைத் திறந்ததும் டீசல் வாடை அடித்தது. இரண்டு தலைமுறையாகக் காசிமேட்டுக்குப் பக்கத்தில் வாழ்கிற எங்களுக்குத் துறைமுகத் தண்ணீரின் வாடை தெரியாதா? விசைப்படகுகள் நிற்கும் இடத்தில் மொண்ட தண்ணீரைக் கேன் ரூ.150 என்று விற்கிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவி, வலையும் படகும் கறுத்து நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். இந்தக் கரையோரத்துத் தண்ணீரை யார் கொடுத்தாலும் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

இனிச் சொல்வது சட்டம் சம்பந்தப்பட்டது, கவனமாகப் படியுங்கள். தொட்டிக்குள் அடுக்க "லைவ் ராக்" என்று கொடுத்த கற்களைப் பார்த்ததும் அத்தை மகன் முகம் மாறிவிட்டது. அவை பவளப்பாறையிலிருந்து உடைத்தவை. பவளங்கள், கடற்குதிரை, கடல் அட்டை ஆகியவை 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வருகின்றன. பிடிப்பது, விற்பது மட்டுமல்ல, வாங்கி வைத்திருப்பதும் குற்றம். சிறைத் தண்டனை உண்டு. கடைக்காரர் இதை எங்களிடம் மறைத்து விற்றார். "ஜோடிக் கடற்குதிரை உள்ளே இருக்கிறது, வேண்டுமா அண்ணே" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டதன் காரணமும் அப்போதுதான் விளங்கியது. மாட்டிக்கொண்டால் கல் இருப்பது வாங்கியவர் வீட்டில். கற்களை வனத்துறையிடம் ஒப்படைத்து, எங்கிருந்து வந்தன என்பதையும் எழுதிக் கொடுத்தோம். பவளத்துக்குப் பதிலாகச் சுட்ட மண்ணால் செய்த நுண்துளைக் கற்கள் கிடைக்கின்றன, பாக்டீரியா குடியேற அவை போதும்.

மீன் எங்கிருந்து வந்தது என்றும் கேளுங்கள். க்ளௌன் மீனைத் தொட்டியிலேயே பொரிக்க வைக்கும் முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும், பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழக மையமும் வெற்றிகரமாகச் செய்திருக்கின்றன. பண்ணையில் பொரித்த குஞ்சு கிடைக்கும்போது கடலில் பிடித்ததை வாங்க வேண்டியதில்லை. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா பக்கம் சயனைடு தெளித்து மயக்கிப் பிடிக்கும் வழக்கம் உண்டு. அப்படிப் பிடித்த மீன் கடையில் பளபளவென்று நீந்தினாலும் சில வாரங்களில் செத்துவிடக்கூடும். ப்ளூ டாங் ஓரடி நீளம் வரை வளரும் மீன், அதை மூன்றடித் தொட்டிக்கு விற்றதே அநியாயம்.

ரசீது கேட்டபோது துண்டுச்சீட்டில் மொத்தத் தொகையை மட்டும் எழுதித் தந்தார்கள். "பில் என்றால் ஜி.எஸ்.டி. சேரும்" என்று பயமுறுத்தினார்கள். ஆனால் பணம் யு.பி.ஐ. வழியாகப் போனது, பேச்சு வாட்ஸ்அப்பில் இருக்கிறது, புட்டியும் உப்புப் பையும் எங்களிடமே உள்ளன. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்தோம். கடைக்காரர் ஹீட்டரை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொன்னார், நாங்கள் ஏற்கவில்லை. இப்போது மனு வடசென்னை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்கு மனுக் கட்டணம் இல்லை. பாதிப்பு நேர்ந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுக்க வேண்டும். இதே முறையில் ஏமாற்றப்பட்டவர்கள் பைகளையும் புட்டிகளையும் வீசாமல், செத்த மீனைத் தேதியோடு படமெடுத்து வைத்து, தாமதிக்காமல் மனு கொடுங்கள்.