சுங்கை சிப்புட் உரக் கொட்டகை: நல்ல சரக்குதான், ஈரம் பார்த்து வாங்குங்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், பெருந்தோட்டத்திலிருந்து வெளியேறி வந்த குடும்பங்கள் சேர்ந்து தங்கள் குடியிருப்பில் நடத்தும் உரக் கொட்டகை இது. சமையலறைக் கழிவையும் காய்ந்த இலையையும் மக்கவைத்து உரமாக்குகிறார்கள். அரிசிப் பையில் கட்டிய 10 கிலோ உரம் 8 வெள்ளி (ரிங்கிட்). கையில் அள்ளினால் கறுப்பாக, உதிரியாக, மழை விட்ட காட்டு மண்ணின் வாசனையோடு இருக்கிறது. மூக்கைக் குத்தும் நெடி இல்லை. நெடி அடித்தால் அமோனியா அடங்கவில்லை என்று பொருள், வேரைச் சுட்டுவிடும். சந்தேகம் இருந்தால் ஒரு குவளை உரத்தில் கீரை விதையைத் தூவிப் பாருங்கள். முளை சீராக வந்தால் பக்குவம்தான்.

எடை போட்டு விற்பதுதான் இடிக்கிறது. மழைக்காலப் பை கனக்கும், தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்க வேண்டிவரும். ஒரு பிடியை இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் நீர் சொட்டினால் அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லிவிடலாம். வாளியால் அளந்து விற்றால் இந்தத் தொல்லையே இல்லை.

கழிவு வாங்கும் முறைக்கு முழு மதிப்பெண் போடலாம். வீட்டுக்காரர்கள் சமையலறைக் கழிவைக் கொண்டுவந்து கொட்டினால் கட்டணம் கிடையாது. சாப்பாட்டுக் கடைகள் ஒரு தோங்குக்கு (பீப்பாய்க்கு) 5 வெள்ளி கட்ட வேண்டும். குப்பை அதிகம் போடுகிறவர் அதிகம் கொடுக்கட்டும் என்று குடியிருப்புக் கூட்டத்தில் பேசி வைத்த விலை அது. வரவு செலவு கரும்பலகையில் இருக்கிறது. குவியல் புரட்டும் பெண்களின் கூலிதான் முதல் வரி. பசுமைத் திட்டம் என்று ஆரம்பித்து, ஏழைகளிடம் இலவச உழைப்பை வாங்கிவிட்டுப் போகிறவர்கள் இந்தப் பலகையை ஒருமுறை வந்து பார்க்கலாம். 2015 செப்டம்பர் 1-இல் சில மாநிலங்களில் குப்பையைப் பிரிப்பது கட்டாயமானபோது பேராக் அந்தப் பட்டியலில் இல்லை. அப்படியும் வாளிகள் பெரும்பாலும் சுத்தமாகவே வருகின்றன. அக்கம்பக்கத்து அக்காள்கள் மூடியைத் திறந்து பார்ப்பார்கள் என்ற கூச்சம் நன்றாக வேலை செய்கிறது!

ஒரு வாளி ஈரக் கழிவுக்கு மூன்று வாளி காய்ந்த இலை என்பது இவர்கள் கணக்கு. குவியல் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் ஒரு மீட்டருக்குக் குறையக் கூடாது; குறைந்தால் சூடு தங்காது. மூன்றாம் நாளுக்குள் 55 பாகை செல்சியஸைத் தொட வேண்டும், அந்தச் சூடு குறைந்தது மூன்று நாள் நிற்க வேண்டும். ஓரத்தில் கிடப்பது நடுவுக்கு வரும்படி புரட்டினால்தான் எல்லாப் பகுதியிலும் கிருமி சாகும். 65 பாகையைத் தாண்டினால் நல்ல நுண்ணுயிர்களும் வெந்துபோகும், உடனே புரட்ட வேண்டும். நீளக் காம்பு வெப்பமானியும் குறிப்பேடும் வைத்திருக்கிறார்கள், தினமும் எழுதுகிறார்கள்.

தவறு நடப்பது அக்டோபர், நவம்பர் மழையில். காய்ந்த இலை தீர்ந்துவிடும், குவியல் குழகுழத்துக் காற்றில்லாமல் அழுகும். அப்போது வருவது மீத்தேன். 100 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு சூடேற்றக்கூடியது. குப்பைமேட்டில் எதைத் தடுக்க நினைத்தார்களோ அதுவே கொட்டகைக்குள் நடக்கிறது. காய்ந்த இலைக்கு மாற்றாகச் செம்பனை (பாமாயில்) ஆலையிலிருந்து, பழம் உதிர்த்த வெற்றுக் குலை கொண்டுவருகிறார்கள். யோசனை சரி, ஆனால் முழுக் குலையாகப் போடுகிறார்கள். அது மக்க மாதங்கள் ஆகும். பையில் முள் முள்ளாகக் கட்டி கிடப்பது அதனால்தான். நார் நாராகக் கிழித்துப் போட்டால் ஈரத்தையும் உறிஞ்சும்.

கோயில் மாலையை நைலான் நூல் உருவித்தான் வாங்குகிறார்கள், நல்லது. மிச்சக் குழம்பை மட்டும் கண்டிப்பாக மறுக்க வேண்டும்: எண்ணெய் காற்றை அடைக்கும், உப்பு நாற்றைக் கெடுக்கும். மீன் தலை போட்டால் எலியும் உடும்பும் வரும்.

கொட்டகை நிற்கும் நிலம் வாய்வார்த்தையில் கிடைத்தது, காகிதம் இல்லை. பெருந்தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், தொழிலாளர் காசைச் சேர்த்தே நிலம் வாங்க 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய முன்னாள் அமைச்சர் துன் சம்பந்தன் பிறந்த ஊர் இது. எழுத்தில் ஒரு குத்தகையாவது கேட்டு வாங்காமல் இருப்பது ஆச்சரியம்தான்.

வாங்குகிறவர்களுக்கு: மிளகாய், கத்தரித் தொட்டிக்கு ஒரு பங்கு உரம், மூன்று பங்கு மண். தனி உரத்தில் நட வேண்டாம். முள் கட்டி வந்தால் எறியாதீர்கள், வாழைக்கடியில் மூடாக்காகப் போடுங்கள்.