ஓடையோரமா, மேட்டு மூக்கா: மான் பரணுக்கு எது இடம்?

இரண்டு இடத்திலும் மான் வேட்டைக்குப் பரண் கட்டிப் பார்த்துவிட்டேன். முதல் இரண்டு பருவம் ஓடையோரம், அடுத்த இரண்டு பருவம் மேட்டின் மேல். இப்போது யாராவது கேட்டால் யோசிக்காமல் மேட்டைத்தான் சொல்வேன். ஏன் என்று கேட்டால் மட்டும் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

இடம் அமெரிக்காவின் தென்மேற்கு விஸ்கான்சின். பனியுகத்தில் வடக்கேயிருந்து நகர்ந்து வந்த பனிப்பாறைகள் சுற்றியிருந்த மாநிலங்களையெல்லாம் தேய்த்து மட்டமாக்கிவிட்டு இந்தத் துண்டை மட்டும் தொடாமல் போய்விட்டன. டிரிஃப்ட்லெஸ் என்று இதற்குப் பெயர். அதனால் இங்கே எந்தப் பண்ணைக்குப் போனாலும் ஒரு நீளமான மேடு, அதிலிருந்து விரல் விரலாகப் பிரியும் சரிவுகள், அடியில் ஒரு ஓடை. நான் அனுமதி வாங்கி வேட்டைக்குப் போகும் பண்ணையும் அப்படித்தான். மேடு மேற்கே. அதன் கிழக்குச் சரிவு முழுக்க ஓக் காடு. சரிவு முடிகிற இடத்தில் குதிரைமசால் தீவன வயல், வயலுக்கு அந்தப்பக்கம் தெற்கு நோக்கி ஓடும் ஓடை. மான்கள் பகலில் சரிவின் மேல்பகுதியில் படுத்திருந்துவிட்டு, பொழுது சாயும்போது வயலுக்கு இறங்கும். விடியும் நேரத்தில் திரும்ப ஏறும்.

நான் வில்காரன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இருபது மீட்டருக்குள் மான் வந்தால்தான் எனக்கு வேலை. துப்பாக்கிக்காரர் நூறு மீட்டர் தள்ளி உட்கார்ந்து காற்றுப் பிரச்சினையைப் பாதி தீர்த்துக்கொள்ளலாம். எனக்கு அந்த வசதி கிடையாது.

காற்றைப் பற்றிய அரிச்சுவடியை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். மான் வரும் பக்கத்திலிருந்து காற்று உங்களை நோக்கி அடிக்க வேண்டும், உங்களிடமிருந்து மானை நோக்கி அடிக்கக் கூடாது. வெண்வால் மானுக்குக் கண்ணையும் காதையும் ஏமாற்றலாம், மூக்கை ஏமாற்ற முடியாது. அது அடிக்கடி மூக்கை நக்கி ஈரமாக வைத்துக்கொள்வதே வாடையைப் பிடித்து வைக்கத்தான். காற்றுக்கு அது வரும் திசையை வைத்துத்தான் பெயர், வாடை என்றால் வடக்கிலிருந்து வருவது, தென்றல் என்றால் தெற்கிலிருந்து. ஆனால் போன் செயலியில் வரும் அம்புக்குறி பெரும்பாலும் காற்று போகும் பக்கத்தைக் காட்டும். முதல் வருடம் இதைத் தலைகீழாகப் படித்துவிட்டு ஒரு காலைப்பொழுதை முழுசாகத் தொலைத்தேன். (வாடை என்ற ஒரே சொல் வடகாற்றுக்கும் மணத்துக்கும் பொருந்துவது எனக்கு என்னவோ இந்த வேட்டைக்காகவே வைத்த பேர் மாதிரி படுகிறது.)

ஓடையோரத்தை ஏன் முதலில் தேர்ந்தெடுத்தேன் என்றால், அங்கே மான் தடம் குவிந்து கிடந்தது. மூன்று வழித்தடங்கள் வயலின் மூலையில் வந்து சேரும். புழுக்கை, குளம்புத் தடம், ஆண் மான் கொம்பை உரசிப் பட்டை உரித்த இளமரங்கள், எல்லாம் அங்கேதான். காகிதத்தில் காற்றும் பொருந்தியது. இலையுதிர் காலத்தில் இங்கே அதிகம் அடிப்பது மேற்கும் வடமேற்கும். மான் மேற்கேயிருக்கும் அந்தச் சரிவிலிருந்து இறங்கும், நான் வயலின் கிழக்கு ஓரத்தில் ஓடைக்கரை மரத்தில் இருப்பேன், என் வாடை ஓடையைத் தாண்டிக் கிழக்கே போய்விடும். இதைவிட என்ன வேண்டும் என்று ஏணிப்பரண் ஒன்றை நிறுத்தினேன்.

முதல் பருவத்தில் மான்கள் வந்தன, ஆனால் கடைசி நேரத்தில் நின்று திரும்பின. இரண்டாம் பருவமும் அதே கதை. சோப்பை மாற்றினேன், ரப்பர் பூட்ஸ் போட்டேன், துணிகளை மூடிய பெட்டியில் இலைச்சருகோடு வைத்தேன். ஒன்றும் உதவவில்லை.

காரணம் தெரிந்தது ஒரு எருக்கம்பஞ்சால். இங்கே வயலோரங்களில் மில்க்வீட் என்று ஒரு செடி வளரும். நம் எருக்குக்கு ஒன்றுவிட்ட உறவு, அதே மாதிரிக் காய், அதே மாதிரிப் பால், காய் வெடித்தால் அதே பட்டுப் பஞ்சு. வேட்டைக்காரர்கள் அந்தக் காயை ஒன்றிரண்டு பையில் வைத்திருப்பார்கள். கடையில் விற்கும் பொடிக் குப்பியை அழுத்தினால் பக்கத்தில் இரண்டு மீட்டருக்குக் காற்று தெரியும், அவ்வளவுதான். பஞ்சை விட்டால் நூறு மீட்டர் வரை கண்ணால் தொடரலாம்.

நவம்பர் முதல் வாரம். கடிகாரத்தைப் பின்னால் திருப்பிவிட்டதால் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் விழுந்துவிடும். மூன்றரை மணிக்கு விட்ட பஞ்சு நான் நினைத்தபடியே கிழக்கே ஓடையைத் தாண்டிப் போனது. நாலு மணி வாக்கில் மேட்டின் நிழல் சரிவு முழுக்க இறங்கி வயலையும் மூடியது. காற்று மெதுவாகச் செத்தது. இன்னொரு பஞ்சை விட்டேன். அது என் பூட்ஸுக்குக் கீழே இறங்கி, ஓடைக்கு மேல் ஒரு ஆள் உயரத்தில் நின்று, யாரோ நூல் கட்டி இழுத்த மாதிரி தெற்கே திரும்பியது. ஓடைத் தண்ணீர் போகும் அதே பாதையில், அதே வேகத்தில், வயலின் தென்மூலையை நோக்கிப் போனது. அந்த மூலையில் பத்து நிமிடம் கழித்து ஒரு பெட்டை மான் வந்து நின்றது. முன்னங்கால் ஒன்றைத் தூக்கியபடி மூக்கை உயர்த்தியது, காலைத் தரையில் அடித்தது, பிறகு டயர் காற்றிறங்கும் சத்தத்தில் ஒரு சீறல். வெள்ளை வால்கள் நாலைந்து காட்டுக்குள் துள்ளி மறைந்தன.

மேட்டுநிலத்தில் வேட்டைக்கு வருகிறவர் மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. வெயில் பட்டால் சரிவின் மேல் காற்று சூடாகி எழும்பும். நிழல் விழுந்தால் குளிர்ந்து கனத்துத் தண்ணீர் மாதிரி பள்ளத்தை நோக்கி வழியும். பொதுக் காற்று பலமாக இருக்கும்வரை இது தெரியாது. அது தளர்ந்ததும் இதுதான் ராஜா. தளர்வதோ சரியாக மான் நடமாடும் பொழுதில். கிழக்குப் பார்த்த சரிவில் காலை வெயில் முதலில் படும், அதனால் காற்று சீக்கிரம் எழும்பும். மாலையில் நிழலும் முதலில் விழும், வழிதலும் முன்பே தொடங்கும். செயலி சொல்லும் வடமேற்குக் காற்று மேட்டுக்கு மேலே போகிற காற்று. மேட்டின் முதுகுக்குப் பின்னால், பள்ளத்தின் அடியில் உட்கார்ந்திருப்பவனுக்கு அது சுழலாகவும் வரலாம், வராமலும் போகலாம். ஓடையோரப் பரண் காற்று அடிக்கும்போது நல்ல இடம்தான். காற்று நின்றதும் ஒரு கிண்ணத்தின் அடியில் உட்கார்ந்து வியர்ப்பதற்குச் சமம்.

வீடு திரும்பும் சிக்கல் வேறு. இருட்டியபின் வயல் நிறைய மான் மேயும். அதன் நடுவே ஏணியிலிருந்து இறங்கி நடந்தால் இந்த மாலை மட்டுமல்ல, அடுத்த வாரமும் போச்சு.

மூன்றாம் பருவத்துக்கு முன் காய்களைப் பையில் நிரப்பிக்கொண்டு ஆறு நாள் வெறுமனே நடந்தேன். காலையும் மாலையும் பஞ்சு விடுவதுதான் வேலை. பண்ணைக்காரர் என்னைப் பார்த்து என்ன நினைத்தாரோ தெரியாது. கடைசியில் கண்ணில் பட்டது, பெரிய மேட்டிலிருந்து கிழக்கே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறு கிளைமேடு. நாங்கள் அதை மூக்கு என்கிறோம். அதன் வடக்குப் பக்கம் மிதமான சரிவு, மான்கள் ஏறி இறங்கும் தடம் அதில்தான். தெற்குப் பக்கமோ மழைநீர் அறுத்த செங்குத்தான வெட்டு, அடியில் விழுந்த மரங்களும் முள்ளும். அதில் மான் நடப்பதற்கு அடையாளமே இல்லை.

பரணை மூக்கின் தெற்கு விளிம்பில் ஒரு வெள்ளை ஓக்கில் கட்டினேன். தடம் எனக்கு வடக்கே பதினெட்டு மீட்டர். வடமேற்குக் காற்று அடித்தால் என் வாடை வெட்டின் மேல் தென்கிழக்கே போகிறது. காற்று செத்தால் அதே வெட்டுக்குள் வழிந்து இறங்குகிறது. இரண்டு நேரத்திலும் போய்ச் சேருவது மான் இல்லாத இடத்தில். ஓடையோரத்தில் எனக்குக் கிடைக்காதது இந்த ஒன்றுதான்: வாடைக்கு ஒரு குப்பைத்தொட்டி. விடியலுக்கு முன் காற்று இன்னும் கீழே வழிந்துகொண்டிருக்கும்போதும் அது வேலை செய்கிறது. போகும் வழி மேட்டின் மறுபக்கம், மேற்குச் சரிவில். அதனால் நடக்கும்போது வடியும் வாடையும் மான் இல்லாத பக்கம் போய்விடுகிறது. திரும்புவதும் அப்படியே, வயலில் மேயும் மான்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

தடம் குறைவு என்பது உண்மை. ஓடையோரத்தில் ஒரு மாலையில் பத்து மான் பார்த்தவன் இங்கே மூன்று பார்த்தால் அதிகம். ஆனால் அந்த மூன்றும் நிதானமாக வருகின்றன, தலையைக் குனிந்து ஓக் கொட்டை பொறுக்கிக்கொண்டு. இரண்டு பருவத்தில் இந்தப் பரணிலிருந்து ஒரு பெட்டையும் ஒரு கொம்பு மானும் எடுத்தேன். கீழேயிருந்து எடுத்தது பூஜ்யம்.

இதற்கும் குறை உண்டு. தென்காற்று அடித்தால் மூக்கு தீர்ந்தது, என் வாடை நேரே தடத்தின் மேல். இங்கே குளிர்முனை (நகர்ந்து வரும் குளிர்காற்றுத் திரளின் முன்விளிம்பு) வருவதற்கு முந்தைய நாளில் காற்று தெற்கு அல்லது தென்மேற்காக இருக்கும், முனை கடந்ததும் வடமேற்காகத் திரும்பும். திரும்பிய மறுநாள் காலைதான் நான் காத்திருப்பது. முந்தைய நாளில் ஆசை எவ்வளவு இழுத்தாலும் போவதில்லை. ஒருமுறை போனேன், ஏன் போகக் கூடாது என்று தெரிந்துகொண்டேன். போன பருவத்தில் லீவு போட்டு வைத்த பதினொரு நாளில் நாலு நாள் இப்படி வீட்டில் உட்கார்ந்தேன். கட்டுவதும் சிரமம். ஏணிப்பரணை மேட்டுக்குத் தூக்க முடியாது, மரத்தில் பட்டை போட்டு இறுக்கும் தொங்குபரண்தான். மரம் வளர்வதால் பட்டையை வருடா வருடம் அவிழ்த்துப் புதிதாகக் கட்ட வேண்டும். ஏறும் நொடியிலிருந்து இறங்கும் நொடி வரை ஹார்னஸ் (உடம்பில் மாட்டும் பாதுகாப்பு வார்) கயிற்றில் கோத்திருக்க வேண்டும். செங்குத்து வெட்டுக்கு மேல் தொங்கும்போது இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இன்னொன்று, மேலேயிருந்து இறங்கிவரும் மானுக்கு நான் கிட்டத்தட்ட கண்மட்டத்தில் தெரிவேன். இலை உதிராமல் நிற்கும் இளம் ஓக்குகள் பின்னால் இருப்பதால் தப்பிக்கிறேன்.

மூன்றாவதாக ஒரு இடமும் சொல்வார்கள்: பெரிய மேடு குதிரைச் சேணம் மாதிரி தாழும் இடம். நவம்பர் நடுவில் ஆண் மான்கள் பெட்டையைத் தேடி அலையும்போது அந்தத் தாழ்வு வழியாகத்தான் மேட்டைக் கடக்கும் என்பார்கள். நான் மொத்தம் மூன்று காலை அங்கே இருந்திருக்கிறேன். பஞ்சு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பக்கம் போனது. அதை வைத்து நல்லது கெட்டது சொல்ல எனக்குத் தகுதியில்லை.

காற்று ஆண் மானுக்கும் கொஞ்சம் சாதகமாக இருக்க வேண்டும், நமக்கு மயிரிழையில் தப்ப வேண்டும், அப்போதுதான் வயதான ஆண் மான் நடக்கும் என்று அனுபவஸ்தர்கள் சொல்வதையும் இரண்டு முறை முயன்றேன். ஒருமுறை பலித்தது, ஒருமுறை சீறல்தான் மிச்சம். மட்டமான நிலத்தில் வேட்டையாடுகிறவருக்கு நான் எழுதியதில் பாதி பொருந்தாது. வழிந்தோட சரிவே இல்லாத இடத்தில் பொதுக் காற்றை மட்டும் பார்த்தால் போதுமாயிருக்கலாம்.

ஓடையோர ஏணிப்பரணை இன்னும் பிரிக்கவில்லை. நவம்பர் கடைசியில் வரும் ஒன்பது நாள் துப்பாக்கிப் பருவத்தில் பண்ணைக்காரரின் அப்பா ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு அதில் உட்காருகிறார். வயலின் அந்தக் கோடி வரை அவருக்குக் கை எட்டும். எருக்கம்பஞ்சு ஒன்றைக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், இதுவரை விட்டதாகத் தெரியவில்லை.