பாரதத்தை எந்தப் புத்தகத்தில் தொடங்குவது? சேலத்துப் பிள்ளைகளுக்காக ஓர் ஒப்பீடு

சேலம் பக்கத்துப் பிள்ளைகளில் பலருக்குப் பாரதம் காதில் விழுந்த பிறகுதான் கண்ணுக்கு வருகிறது. திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் படிப்பார்கள், விடிய விடியக் கூத்து நடக்கும், கடைசி நாள் படுகளத்தில், அதாவது போர்க்களச் சாவை நடித்துக் காட்டும் சடங்கில், துரியோதனன் மண்ணுருவாய்க் கிடப்பான். ஆகவே இங்கே புத்தகம் வாங்குகிறவர் படத்தையும் விலையையும் பார்ப்பதற்கு முன், பிள்ளை கேட்டுவைத்த கதையோடு அது எங்கே ஒட்டுகிறது, எங்கே முட்டுகிறது என்று பார்க்க வேண்டும்.

வழக்கமாகக் கைக்கு வருபவை மூன்று: ராஜாஜியின் ‘வியாசர் விருந்து’, அமர் சித்திரக் கதை, பழைய அம்புலிமாமா.

ராஜாஜி நம்மூர்க்காரர் என்றே சொல்லலாம். பிறந்த தொரப்பள்ளி அன்றைக்குச் சேலம் மாவட்டம். வக்கீல் தொழில் பார்த்தது சேலத்தில், 1917-ல் நகராட்சித் தலைவரானதும் இங்கேதான். எழுத்திலும் வக்கீல் தெரிகிறார்: வாக்கியம் சின்னது, யார் யாரிடம் எதைச் சொன்னார் என்பதில் குழப்பமே வராது. அத்தியாயங்களும் சிறியவை. வாய்விட்டுப் படித்தால் பத்து, பதினைந்து நிமிடத்தில் ஒன்று முடியும். இரவுக்கு ஒன்று என்று ஆடியில் தொடங்கினால் கார்த்திகைக்குள் போர் முடிந்துவிடும்.

நச்சுப் பொய்கைக் கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நகுலன், சகாதேவன், அர்ச்சுனன், பீமன் என்று ஒருவர் பின் ஒருவராகத் தண்ணீருக்குப் போய் விழுகிறார்கள். யட்சன் கேட்கிறான்: காற்றைவிட வேகமானது எது? மனம். படிக்கிறவர் கேள்வியோடு நிறுத்திவிட்டால் பிள்ளை தானாகப் பதில் தேடும். கடைசியில் ஒரு தம்பியை மட்டும் எழுப்பலாம் என்றதும் தருமர் நகுலனைக் கேட்கிறார்: குந்திக்கு நான் இருக்கிறேன், மாத்ரிக்கும் ஒருவன் வேண்டாமா? இந்த இடம் காதால் கேட்டால்தான் கனக்கும். படக்கதையில் நாலு பேரும் விழுந்து கிடப்பது ஒரே கட்டத்தில் தெரிந்துவிடுகிறது. கண் பதிலுக்கு முந்திக்கொள்கிறது.

ராஜாஜியில் பிள்ளைக்குக் கஷ்டம் தருவது வடசொற்களும் பெயர்களும். அர்ச்சுனனே பார்த்தன், தனஞ்சயன், விஜயன். கூத்தில் கேட்ட ‘அபிமன்னன்’ புத்தகத்தில் ‘அபிமன்யு’. இருபது பெயர்களை ஒரு தாளில் எழுதிப் பின்னட்டையில் ஒட்டிவிட்டால் பாதித் தொல்லை தீரும்.

இன்னொரு முட்டல் பெரியது. அர்ச்சுனன் மகன் அரவான் போருக்கு முன் காளிக்குப் பலியாகும் களபலியைக் கூத்தில் பார்த்த பிள்ளை, வியாசரை ஒட்டிய நூல்களில் அதைத் தேடி ஏமாறும். வியாசரில் அவன் எட்டாம் நாள் போரில் அலம்புசன் என்ற அரக்கனிடம் சாகிறான். களபலி தமிழ்ப் பாரத மரபு, தமிழில் பாரதம் பாடிய வில்லிபுத்தூராரிலும் உண்டு. ‘கூத்துக்காரர் கட்டிவிட்டது’ என்று சொல்லி வைக்காதீர்கள். கதைக்கு இரண்டு வழி இருக்கிறது என்பது எட்டு வயதுக்குப் புரியும்.

அமர் சித்திரக் கதையை அனந்த் பை 1967-ல் தொடங்கினார். 32 பக்கத்தில் ஒரு கதை. ஏழு வயதில் எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல ஏணி இல்லை. மகாபாரதம் மட்டும் 42 இதழாக வந்து, பிறகு மூன்று தொகுதியாகக் கட்டப்பட்டது. உதிரியாக வாங்கினால் நடுவில் நாலு இதழ் விட்டுப்போகும். தொகுதியோ படுத்துக்கொண்டு படிக்க முடியாத கனம். மொழிபெயர்ப்புப் படக்கதைக்கே உரிய சங்கடம் ஒன்றும் உண்டு: ஆங்கிலத்துக்கு அளந்த பலூனுக்குள் தமிழ் நெருக்கியடித்து உட்காரும். முகம் பதிந்துபோவதும் ஒரு குறைதான். கூத்தில் மரக்கட்டை முடியும் புஜமும் கட்டிய கட்டை வேஷத்தில் வந்து இறங்கும் துரியோதனனுக்கு அப்புறம் இந்தத் துரியோதனன் கொஞ்சம் சோகையாகவே தெரிகிறான்.

அம்புலிமாமா 1947 ஜூலையில் பிறந்தது. சங்கர் வரைந்த விக்கிரமாதித்தன் (உருவிய வாள், தோளில் பிணம்) யாருக்குத்தான் மறக்கும்? ஆனால் முதல் பாரதமாக இது தேறாது. தொடர்கதை, மாதத்துக்கு நாலைந்து பக்கம், ஓர் இதழ் போனால் கண்ணி அறுந்தது. பழைய இதழ்களைக் கட்டிய பைண்டு கிடைத்தால் மாத வரிசையையும் நடுத்தாளையும் புரட்டிப் பார்த்து வாங்குங்கள். ஓரம் வெட்டும்போது கடைசி எழுத்தையும் சேர்த்து வெட்டியிருப்பார்கள்.

நம் தேர்வு: பெரியவர் படித்துக் காட்ட ராஜாஜி முதலில், பிள்ளை தானே படிக்கப் படக்கதை அடுத்து. படித்துக் காட்ட வீட்டில் ஆள் இல்லையென்றால் வரிசையைத் திருப்பிவிடலாம்.

ஏற்காட்டில் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. மலை ஈரத்தில் ஸ்டேப்பிள் கம்பி துருவேறி நடுத்தாளைத் தின்னும். கம்பியைப் பிடுங்கிவிட்டு நூலால் தைத்துவிடுங்கள். பூஞ்சணம் பிடித்தால் நிழலில் விரித்து நன்றாகக் காயவிட்டு, வீட்டுக்கு வெளியே வைத்து உலர்ந்த துணியால் துடையுங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் உறை போட்டால் உள்ளேயே வளரும். கிழிசலுக்கு செல்லோடேப் வேண்டாம், சில வருடத்தில் மஞ்சளாகி எழுத்தையும் உரித்துக்கொண்டு வரும். சேலத்தில் மரவள்ளி மாவுக்கா பஞ்சம்? தண்ணீரில் கரைத்துக் காய்ச்சிய பசையும் மெல்லிய தாளும் போதும். ஆனால் மாவுப் பசை என்றால் ராமபாணப் பூச்சிக்கு விருந்து. பழைய பைண்டர்கள் அதற்காகப் பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலப்பார்கள். அது விஷம். விரலை நக்கிப் பக்கம் புரட்டும் வயசுப் பிள்ளையின் புத்தகத்தில் அது வேண்டாம். அலமாரியில் வசம்பு வைத்து, மாதம் ஒருமுறை புத்தகங்களை எடுத்துத் தட்டி வையுங்கள்.