தளபதிகள் எழுதிய மூன்று அரசியலமைப்புகள்: எதில் ஜனநாயகத்துக்கு வழி இருந்தது?

2008 மே 2 இரவு நர்கிஸ் புயல் மியான்மரின் ஐராவதி டெல்டாவைத் துடைத்துப் போட்டது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேருக்கு மேல். அப்போதும் ராணுவ ஆட்சி தன் புதிய அரசியலமைப்புக்கான பொதுவாக்கெடுப்பை மே 10-ஆம் தேதியே நடத்தியது. மோசமாகப் பாதிக்கப்பட்ட 47 நகரப் பகுதிகளுக்கு மட்டும் மே 24 வரை அவகாசம் கிடைத்தது. வாக்குப்பதிவு 98.12 சதவீதம், ஆதரவு 92.48 சதவீதம் என்று அரசு அறிவித்தது. வீட்டையும் உறவையும் பறிகொடுத்த ஜனங்கள் வரிசையில் நின்று இப்படி வாக்களித்தார்கள் என்றால் யார் நம்புவது?

சிலியில் 1980 செப்டம்பர் 11 அன்று நடந்ததும் இதற்குக் குறைந்ததல்ல. ஜெனரல் பினோசே ஆட்சியைக் கைப்பற்றிய ஏழாம் ஆண்டு நாள் அது. வாக்காளர் பட்டியலே கிடையாது, கட்சிகளுக்குத் தடை, வெற்றுச் சீட்டுகளும் 'ஆம்' கணக்கில் சேர்ந்தன. முடிவு 67 சதவீதம். தாய்லாந்தில் 2016 ஆகஸ்ட் 7 அன்று வாக்கு எண்ணியதில் பெரிய குறை சொல்ல முடியாது. ஆனால் வரைவைப் பற்றித் 'திரித்து'ப் பேசினால் பத்து ஆண்டு சிறை என்று அதற்கு முன்பே ஒரு சட்டம் போட்டுவிட்டார்கள். அங்கே 61.35 சதவீதம்.

ஆகவே வாக்கெடுப்பு எண்களை வைத்து இந்த மூன்றையும் ஒப்பிடுவது வீண். முகவுரையில் மக்கள், சுதந்திரம் என்று எழுதியிருப்பதை வைத்து ஒப்பிடுவது அதைவிட வீண். எல்லாத் தளபதிகளும் அதைத் தாராளமாகவே எழுதுகிறார்கள். நான் இரண்டைத்தான் பார்ப்பேன். திருத்தம் கொண்டுவர யார் தலையாட்ட வேண்டும்? ஆட்சியில் இருப்பவர் தோற்கக்கூடிய ஒரு நாள் அந்தச் சட்டத்துக்குள்ளேயே குறிக்கப்பட்டிருக்கிறதா?

மியான்மரை முதலில் எடுத்துக்கொள்வோம். அதை எழுதும் தேசிய மாநாடு 1993-இல் தொடங்கி 2007-இல்தான் முடிந்தது. 1990 தேர்தலில் வென்ற, ஆங் சான் சூச்சியின் தேசிய ஜனநாயக லீக் கட்சி நடுவிலேயே வெளியேறியது. மாநாட்டை விமர்சித்தால் 20 ஆண்டு வரை சிறை என்று 1996-இல் சட்டம் வந்தது. இவ்வளவு காலம் எடுத்துப் போட்ட பூட்டு மிக எளிமையானது. கீழவையில் 440 இடங்களில் 110, மேலவையில் 224-இல் 56 ராணுவத்துக்கு. அதாவது சரியாக 25 சதவீதம். 436-ஆம் பிரிவின்படி முக்கியத் திருத்தங்களுக்கு 75 சதவீதத்துக்கும் *மேல்* ஆதரவு வேண்டும். தேர்தலில் வந்த அத்தனை பேரும் ஒன்றுசேர்ந்தாலும் ஒரு ராணுவ உறுப்பினராவது கை தூக்கவேண்டும். பாதுகாப்பு, உள்துறை, எல்லை விவகாரம் ஆகிய மூன்று அமைச்சர்களையும் தலைமைத் தளபதியே தருவார். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள பிள்ளைகள் இருப்பவர் குடியரசுத் தலைவராக முடியாது என்ற 59(எஃப்) யாரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்பது ஆங் சான் சூச்சியின் பெயர் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். தோற்கும் நாள்? அப்படி எதுவும் இல்லை.

தாய்லாந்தின் பூட்டு நுட்பமானது. 2014 ராணுவ ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின் வந்த முதல் வரைவை ராணுவம் நியமித்த சீர்திருத்தக் குழுவே 2015 செப்டம்பரில் 135-க்கு 105 என்று நிராகரித்தது. அப்புறம் சட்ட நிபுணர் மீசாய் ருச்சுபன் தலைமையில் எழுதியதுதான் 2017-இல் நடைமுறைக்கு வந்தது. மன்னரின் முழு ஆட்சி முடிந்த 1932-க்குப் பிறகு அந்த நாட்டின் இருபதாவது அரசியலமைப்பு. ராணுவம் தேர்ந்தெடுத்த 250 செனட்டர்கள் ஐந்து ஆண்டுகளுக்குப் பிரதமர் தேர்விலும் வாக்களிப்பார்கள் என்பது அதன் மையம். 2019-இல் அந்த ஆட்சிக் கவிழ்ப்பை நடத்திய தளபதி பிரயுத் சான்-ஓ-சாவுக்குக் கிடைத்த 500 வாக்குகளில் 249 செனட்டுடையவை. 2023-இல் அதிக இடங்களை வென்ற மூவ் ஃபார்வர்ட் கட்சியின் பீட்டாவுக்குக் கீழவையில் 311 பேர் ஆதரவு தந்தார்கள். செனட்டிலிருந்து வந்தவை 13. தேவை 375, கிடைத்தது 324. எதிர்த்து வாக்களிக்கக்கூடத் தேவைப்படவில்லை. செனட்டர்களில் 159 பேர் நடுநிலை என்று சொல்லி உட்கார்ந்துகொண்டார்கள்.

ஐந்து ஆண்டு முடிந்து அந்த அதிகாரம் 2024-இல் காலாவதியானது உண்மை. ஆனால் திருத்தத்துக்குச் செனட்டில் மூன்றில் ஒரு பங்கு ஆதரவு வேண்டும் என்ற 256-ஆம் பிரிவு அப்படியே இருக்கிறது. அரசியலமைப்பு நீதிமன்றமும் இருக்கிறது. மூவ் ஃபார்வர்ட் கட்சியை 2024 ஆகஸ்ட் 7 அன்று அது கலைத்தது. ஒரே வாரத்தில் பிரதமர் ஸ்ரெத்தாவை நீக்கியது. மறு ஆண்டு பெதொங்தானையும் நீக்கியது. டாங்கி தெருவுக்கு வராமலே ஆட்சி மாறுகிறது. மியான்மரைவிட இது மென்மையானது என்று சொல்பவர்களோடு என்னால் முழுதாக உடன்பட முடியவில்லை. ரத்தம் குறைவு, அது பெரிய விஷயம்தான். ஆனால் வாக்களித்தவனின் கையிலிருந்து முடிவு பறிபோவது இரண்டிலும் ஒன்றே.

சிலிதான் விதிவிலக்கு, அதனால் அங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். பினோசேவின் சட்ட ஆலோசகர் ஹைமே குஸ்மான் போன்றவர்கள் பங்கெடுத்து எழுதிய அந்த 1980 சட்டமும் ஜனநாயகத்தை நம்பி எழுதப்பட்டதல்ல. மார்க்சியக் கட்சிகளுக்குத் தடை, நியமன செனட்டர்கள், குடியரசுத் தலைவரால் நீக்க முடியாத தளபதிகள் என்று எல்லாம் அதில் உண்டு. ஆனால் அதன் இடைக்கால விதிகளில் ஒரு காலக்கெடு இருந்தது. எட்டு ஆண்டு கழித்து ஆட்சிக்குழு ஒரே ஒரு வேட்பாளரை முன்வைக்கும். மக்கள் 'இல்லை' என்றால் அடுத்த ஆண்டு போட்டித் தேர்தல். பினோசே 1997 வரை நீடிக்கும் நினைப்பில்தான் அதற்கு ஒப்புக்கொண்டார்.

அந்தக் காலக்கெடு காகிதத்தில் செத்துப்போகாததற்குக் காரணம் உண்டு. ஆட்சிக்குழுவில் தரைப்படை, கடற்படை, விமானப்படை, காவல்படை என்று நான்கு தலைவர்கள். நால்வரும் ஒப்பாமல் சட்டத்தை மாற்ற முடியாது. 1985-இல் அரசியலமைப்புத் தீர்ப்பாயம், இந்த வாக்கெடுப்பையும் சுதந்திரமான தேர்தல் நீதிமன்றமே மேற்பார்வையிட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பினோசேவின் ஆட்சி நியமித்த தீர்ப்பாயம் அது என்பதைக் கவனிக்க வேண்டும். 1987-இல் வாக்காளர் பட்டியல் திறந்தது. எதிர்க்கட்சிகளுக்கு நாள்தோறும் 15 நிமிடம் தொலைக்காட்சியில் கிடைத்தது. 1988 அக்டோபர் 5 இரவு அரசு முடிவை இழுத்தடித்தது. நள்ளிரவு தாண்டி, லா மொனேடா என்ற குடியரசுத் தலைவர் மாளிகைக்குள் நுழையும்போது விமானப்படைத் தளபதி மத்தேயி நிருபர்களிடம், 'இல்லை' தரப்பு வென்றதாகத் தெரிகிறது என்று சொல்லிவிட்டுப் போனார். உள்ளே இருந்த பினோசே இனி எதையும் மறைக்க வழியில்லை. 'இல்லை' 55.99 சதவீதம்.

இப்படிப்பட்ட சட்டத்தை ஏற்று உள்ளே போவதா, எதிர்த்து வெளியே நிற்பதா என்ற கேள்விக்கு வருகிறேன். சிலியின் எதிர்க்கட்சித் தலைவர்களில் ஒருவரான பட்ரிசியோ ஐல்வின் 1984-இலேயே, இந்தச் சட்டம் நியாயமானதா என்ற விவாதத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, நடைமுறையில் இருப்பதாக ஏற்று முன்னேறலாம் என்றார். பலருக்கு அது கசந்தது. நானும் அன்று அங்கே இருந்திருந்தால் எதிர்த்திருப்பேன் என்றே நினைக்கிறேன். ஆனால் அவர் சொன்ன வழிதான் பலித்தது, மெதுவாக. 1989-இல் பேசி முடித்த 54 திருத்தங்கள் மார்க்சியக் கட்சிகள் மீதான தடையை நீக்கின. தேர்ந்தெடுக்கப்படும் செனட்டர்கள் 26-இலிருந்து 38 ஆனார்கள். 2005-இல் ரிக்கார்டோ லாகோஸ் ஆட்சியில்தான் நியமன செனட்டர்கள் ஒழிந்தார்கள், தளபதிகளை நீக்கும் அதிகாரம் குடியரசுத் தலைவருக்கு வந்தது. அதுவரை 25 ஆண்டு.

சூச்சியின் கட்சியும் அதையே முயன்றது. 2010 தேர்தலைப் புறக்கணித்தவர்கள் 2012-இல் உள்ளே போனார்கள், 2015-இல் வென்றார்கள். 59(எஃப்) அடைத்த வாசலுக்குப் பக்கத்தில் சூச்சிக்காக 'அரசு ஆலோசகர்' என்ற புதிய பதவியை வடிவமைத்தவர்களில் முக்கியமானவர் வழக்கறிஞர் யு கோ நீ. 2017 ஜனவரி 29 அன்று யாங்கோன் விமான நிலைய வாசலில், பேரக் குழந்தையைக் கையில் வைத்திருந்தபோது, அவரைத் தலையில் சுட்டுக் கொன்றார்கள். சுட்டவனைத் துரத்திப்போன டாக்ஸி ஓட்டுநரும் பலியானார். 2020 மார்ச்சில் ராணுவ இடங்களை 15, 10, 5 சதவீதம் என்று படிப்படியாகக் குறைக்கும் திருத்தம் வாக்கெடுப்புக்கு வந்து 436-இல் முட்டி விழுந்தது.

2021 பிப்ரவரி 1 அன்று குடியரசுத் தலைவர் வின் மின்டைச் சிறைப்பிடித்ததும், ராணுவத்தின் ஒதுக்கீட்டில் வந்த துணைத் தலைவர் மின்ட் ஸ்வே அந்த இடத்தில் அமர்ந்து, 417-ஆம் பிரிவின்கீழ் நெருக்கடிநிலையை அறிவித்து அதிகாரத்தைத் தலைமைத் தளபதி மின் ஆங் லைங்கிடம் ஒப்படைத்தார். எல்லாம் தாங்கள் எழுதிய சட்டப்படியே என்றார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களின் குழு மார்ச் 31 அன்று 2008 அரசியலமைப்பே செல்லாது என்று அறிவித்து, கூட்டாட்சி ஜனநாயக சாசனம் ஒன்றை வெளியிட்டது. அவர்களிடம் போய் ஐல்வினைப் போலப் பொறுமையாக இருங்கள் என்று அறிவுரை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஐல்வினுக்கு 1988 என்று ஒரு தேதி இருந்தது. இவர்களுக்கு 2008 சட்டத்தின் எந்தப் பக்கத்திலும் அப்படி ஒன்று இல்லை.