நின்கம்பூப்: ஒரே ஒரு திட்டுக்காக ஆக்ஸ்ஃபோர்ட் அகராதிக்குள்ள போனேன்

பழைய இங்கிலீஷ் கதை ஒண்ணுல ஒரு தாத்தா பேரனை "நின்கம்பூப்"னு திட்டுவாரு. மக்கு, அசடுன்னு அர்த்தம் படிக்கும்போதே புரிஞ்சிடுச்சு, ஆனா இப்படி ஒரு சத்தம் எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியாம இருக்க முடியல. போன்ல இருந்த ஃப்ரீ டிக்ஷனரி ஆப், லத்தீன்ல புத்தி சுவாதீனம் இல்லாதவனை சொல்ற 'நான் காம்போஸ் மென்டிஸ்'லேருந்து வந்ததுன்னு ஒரே வரியில முடிச்சிடுச்சு.

அப்புறம்தான் ஆக்ஸ்ஃபோர்ட் இங்கிலீஷ் டிக்ஷனரியோட ஆன்லைன் சந்தா பக்கம் போனேன், இது வேற லெவல்ங்க. இங்க ஒரு வார்த்தைய தேடினா அர்த்தத்தோட நிக்காது, அந்த வார்த்தைய யார் யார் எந்த வருஷம் எப்படி எழுதினாங்கன்னு வரிசையா மேற்கோள் வருது, பழைய ஸ்பெல்லிங் எல்லாம் சேர்த்து. நம்ம வார்த்தை 1670கள்லயே எழுத்துல வந்தாச்சு, ஆனா அப்போ அது 'நிகம்பூப்', நடுவுல அந்த 'ன்' கிடையாது! லத்தீன்லேருந்து வந்திருந்தா ஆரம்பத்துலயே 'ன்' இருந்து பின்னாடி தேஞ்சிருக்கணும், இங்க தலைகீழா இருக்கு. லத்தீன் கதை 1755ல அகராதி போட்ட சாமுவேல் ஜான்சன் சொன்ன யூகம், சொல்லாராய்ச்சிக்காரங்க ஏத்துக்கல. நிக்கலஸ் இல்லன்னா நிக்கொதேமுங்கிற பேருலேருந்து வந்திருக்கலாம்னு ஒரு யூகம் இருக்கு. பைபிள்ல "வயசானவன் திரும்ப எப்படி பிறப்பான்"னு இயேசுகிட்ட கேட்டாரே, அதே நிக்கொதேமுதான், பிரெஞ்சுல அவர் பேரே அசடுக்கு இன்னொரு பேரு.

இந்த 'ன்' விஷயமெல்லாம் தெரியவந்ததே சாதாரண வாசகர்கள் படிச்ச புஸ்தகத்துலேருந்து வரிகளை துண்டுச்சீட்டுல எழுதி இந்த அகராதிக்காரங்களுக்கு தபால்ல அனுப்பினதாலதான். அப்படி சேர்த்து 1884ல முதல் பகுதி வந்து முதல் பதிப்பு முடியவே 1928 ஆச்சு, நினைச்சாலே கும்பிடத் தோணுது.

அவசரத்துக்கு அர்த்தம் பாக்குறவங்களுக்கு இது வேணாம், ஒவ்வொரு பக்கமும் நிதானமா படிக்கணும். திட்டோட சூடு எவ்வளவுன்னு தெரியணும்னா மேற்கோள்களை வரிசையா படிச்சாதான் பிடிபடும். இன்னிக்கு நின்கம்பூப்னா யாருக்கும் பெருசா வலிக்காது, நாம "அட அசடே"ன்னு சொல்ற மாதிரி பாதி செல்லம், அதனால நிஜமா சண்டை போடும்போது எடுபடாது. பிரிட்டன்ல இருக்கறவங்க சந்தா கட்டறதுக்கு முன்னாடி உங்க பப்ளிக் லைப்ரரில கேட்டுப் பாருங்க, நிறைய இடத்துல மெம்பர் கார்டு நம்பர் போட்டாலே வீட்டுலேருந்து ஃப்ரீயா லாகின் ஆகலாம்.